மழைக்காலத்து மிதிவண்டி

தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் பொழுது விடியுமுன்பே இட்டலி வெந்துவிடும். பாத்திரத்தை மிதிவண்டியின் பின்புறம் கட்டிக்கொண்டு, ஊதலை ஒலித்தபடி தமிழர் பலர் நகரெங்கும் செல்வர்.

அவர்களுள் ஒருவர், செம்பூரில் படிக்கும் தம் மகனுக்கு மிதிவண்டி வாங்கக் கடைக்குச் சென்றார். வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரமும் உடைய பந்தய வண்டியை மகன் தொட்டுப் பார்த்தான். தந்தை விலை கேட்கவில்லை.

"மழையில் இது நிற்குமா, தம்பி?" என்றார்.

முந்தைய ஆண்டு, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கொட்டும் மழையில் பிரேக் பிடிக்காமல் அவர் சறுக்கி விழுந்தார். பாத்திரம் கவிழ்ந்தது, அன்றைய வருவாயும் சேற்றில் போயிற்று.

சக்கர வளையத்தை ரப்பர்க் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் பிரேக், வளையம் நனைந்தால் உடனே பிடிக்காது. கட்டை முதலில் நீரை வழித்தெடுக்க வேண்டும். அதற்குள் வண்டி சில அடி ஓடிவிடும். டிஸ்க் பிரேக்கின் தட்டோ சக்கரத்தின் நடுவில், சாலை நீருக்கு எட்டி இருப்பது. மேலும், பந்தய வண்டிகள் பலவற்றில் மட்கார்டு பொருத்த இடமே இராது. உலர்ந்த நெடுஞ்சாலைக்கு அவை மிக நல்லவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய மும்பைக்கு?

அகன்ற டயர், மட்கார்டு, டிஸ்க் பிரேக் கொண்ட எளிய வண்டியையே தந்தை வாங்கினார். விலையும் குறைவு. மிச்சப் பணத்தில் மழையங்கியும் சங்கிலிக்கு எண்ணெயும் வந்தன.

அந்தக் கடையைக் கடக்கும்போது மகன் இன்றும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதுண்டு.