ஊடுருவல்

அச்சுத்தண்டின் விட்டம் 50.05 மில்லிமீட்டர்; அது நுழைய வேண்டிய துளையோ 50.00. அழுத்திப் பொருத்துதல் குறித்துப் பொறியியல் மாணவர் ஒருவர் தமிழில் எழுதிய கட்டுரை நம்மிடம் திருத்தத்திற்கு வந்திருந்தது.

பொருளை நுண்கூறுகளாகப் பகுத்துக் கணிக்கும் மென்பொருளில் இரண்டும் ஒன்றனுள் ஒன்று ஊடுருவியே தொடங்குமாம். தண்டு சுருங்க, துளை விரிய, அவ்வூடுருவல் தீரும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. இவரோ அதைப் பிழையெனக் கருதி, பரப்புகள் தொட்டு நிற்குமாறு முதலிலேயே சரிசெய்துவிட்டார். கணிப்பு தடையின்றி முடிந்தது, அழுத்தம் சுழியம். ஒரு வாரம் வீண்.

நமக்குச் சுருக்கென்றது. அவர் எழுதிய ‘கவ்வி நெரித்து’ என்பதைக் கரடுமுரடென்று அடித்து, ‘இணைந்து’ என்று மாற்றியிருந்தோம் (ஆசிரியப் புத்தி!). ‘இணைந்து’ என்பதை அடித்துவிட்டு, பழைய சொற்களின்கீழ்ப் புள்ளியிட்டுத் திருப்பித் தந்தோம்.