தாத்தா டோக்கன்

பெரம்பூரில் 29சி ஏறி ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால், அன்றைக்கு வேறு பாக்கியமே வேண்டாம். ஓட்டேரி, புரசைவாக்கம், ஜெமினி, அடையாறு என்று வடசென்னையையும் தென்சென்னையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே போய்ப் பெசன்ட் நகரில் இறக்கிவிடும். அங்கே அஷ்டலட்சுமியும் இருக்கிறாள், வேளாங்கண்ணி மாதாவும் இருக்கிறாள். பஸ்ஸில் நரைத்த தலைகளுக்குக் கேட்பானேன்!

சென்னைவாசிக்கு அறுபது வயது நிறைந்தால் மாதம் 10 டோக்கன் இலவசம். 2016 பிப்ரவரியில் ஆரம்பித்த திட்டம். ஏ.சி. பஸ் மட்டும் கிடையாது. ரேஷன் கார்டு, வயதுச் சான்று, இரண்டு போட்டோவோடு கவுன்ட்டரில் நின்றால் ஆறு மாதத்துக்கான டோக்கனை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். கூடவே போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. டோக்கனோடு அதையும் காட்ட வேண்டும். பூட்டு அதுதான்.

ஆனால் சாவி வீட்டிலேயே இருக்கிறதே! 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. பாட்டியின் டோக்கன் மிச்சமாகிறது. மிச்சமானது பேரன் சட்டைப்பைக்குப் போகிறது.

அப்படி ஒரு பேரன் புரசைவாக்கத்தில் ஏறினான்.

"ஏம்ப்பா, உனக்கு அறுபது ஆயிடுச்சா?" என்றார் கண்டக்டர்.

"தாத்தாவோடது சார்."

"தாத்தா எங்கே?"

"வீட்ல தூங்கறாரு."

பஸ்ஸே சிரித்தது. பையன் அசடு வழிந்து டிக்கெட் வாங்கினான். "இதைப் பத்திரமா அவர்கிட்டயே குடு. மாசம் பத்துதான். ஆஸ்பத்திரிக்கு அஞ்சு தடவை போய் வந்தா தீர்ந்துடும்" என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார் கண்டக்டர்.

அடுத்தது ஒரு பெரியவர். எழுபத்தைந்துக்குக் குறையாது. டோக்கன் இருக்கிறது, கார்டை வீட்டில் வைத்துவிட்டார். "விடுங்க கண்டக்டர், பார்த்தாலே தெரியலையா?" என்று நாலு பேர் சிபாரிசு. கண்டக்டரும் தயங்கினார். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார்.

"வேணாம்ப்பா. இப்பதானே அந்தப் பையனைக் கேட்டே? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம், என் சட்டைப்பை. போன மாதம் காலமான அப்பாவின் டோக்கன்கள் அதில் இருந்தன. அட்டையும் இருந்தது. "வீணாத்தானே போகுது, எடுத்துட்டுப் போங்களேன்" என்று என் மனைவிதான் கொடுத்தனுப்பினாள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. தலை முழுக்க நரை. அப்பாவின் ஜாடை அப்படியே. எந்தக் கண்டக்டரும் சந்தேகப்பட மாட்டார்.

"டோக்கனா சார்?" என்று என் முன்னால் கை நீண்டது. குரலில் அத்தனை மரியாதை.

"இல்லப்பா, அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பெசன்ட் நகர் ஒண்ணு."

மறுநாள் கவுன்ட்டருக்குப் போய் அட்டையையும் டோக்கன்களையும் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் போட்டோவைக் காட்டிக் கண்டக்டரை ஏமாற்றியிருக்கலாம். போட்டோவில் இருந்தவரை?