கேட்ட செவிக்கும் பங்குண்டு

நாவடக்கத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. தகுதி இல்லை என்பதே விடை. எனினும், வழுக்கி விழுந்தவன் அந்த இடத்தை மற்றவர்க்குச் சுட்டிக்காட்டலாம் அல்லவா? அந்த உரிமையோடு எழுதுகிறேன். இதுவும் புறம் பேசுதலாகிவிடக் கூடாதே என்பதற்காகப் பெயர்களை விட்டுவிட்டேன்.

1996-ஆம் ஆண்டு. கடைவீதியில் எனக்கு ஒரு சிறு ஜவுளிக்கடை இருந்தது. அஸர் தொழுதுவிட்டு வருபவர்கள் நாலைந்து பேர் கடைத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம். ஒருநாள் அவர்களுள் ஒருவர், எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைக் குறிப்பிட்டு, "அடகுக்கடையில் அவரை இரண்டு முறை பார்த்தேன். கடன் கழுத்தை நெரிக்கிறது போலும்" என்றார். நான் ஒன்றும் கூறவில்லை. துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஒரு மாதம் கழிந்தது. அப்பெரியவரின் மகளுக்கு வெளியூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா என் பழைய வாடிக்கையாளர். குடும்பம் எப்படி என்று என்னிடம் விசாரித்தார். "மார்க்கப் பற்றுள்ள நல்ல குடும்பம்" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் கடன் உண்டென்று கேள்வி" என்ற நான்கு சொற்களைச் சேர்த்துவிட்டேன். மணம் பேச வந்தவரிடம் உள்ளதை மறைக்கலாகாதே என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். காரணம் எதுவும் கூறாமலே அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

ஆறு மாதம் சென்றபின், கடைக்கு வந்த ஒரு விதவைப் பெண்மணி அப்பெரியவருக்காக மனமுருகித் துஆச் செய்தார். அவருடைய நகை ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்ததாம். பெரியவர்தாம் தம் கைப்பணத்தைக் கட்டி மீட்டுத் தந்தாராம். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம். திண்ணையில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் கற்பித்த பொருள்தான் பொய். அந்தப் பொருளை ஊர் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கிறித்துவ ஆசிரியர் ஒருவர் இருந்தார். எனக்கு நெருங்கிய நண்பர். மனம் பொறுக்காமல் அவரிடம் கூறினேன். அவர் தம் பழைய விவிலியத்தை எடுத்து, ஸுலைமான் நபி (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் நீதிமொழிகளில் 26-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். விறகு தீர்ந்தால் தீ அணைவதுபோல, கோள் சொல்பவன் இல்லாத இடத்தில் பகையும் ஓய்ந்துவிடும் என்பது அங்குள்ள கருத்து. யாக்கோபின் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில், பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கானோடும் காட்டை எரிக்கும் சிறு நெருப்போடும் நாவை ஒப்பிட்டிருப்பதையும் படித்துக் காட்டினார். பிறகு, "தீ மூட்டியவர் நீங்கள் இல்லை, பாய். ஆனால் விறகாக இருந்துவிட்டீர்கள்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் திருமறையின் பக்கம் திருப்பிற்று. ஸூரத்துல் ஹுஜுராத் 49-ஆவது அத்தியாயம். 18 வசனங்களே கொண்டது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், இல்லையேல் அறியாமையால் பிறர்க்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்றும் 6-ஆவது வசனம் எச்சரிக்கிறது. 12-ஆவது வசனமோ, புறம் பேசுதலை இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இஹ்யாவில் நாவின் கேடுகளுக்கென்றே தனிப் பகுதி வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், புறத்தைக் கேட்டிருப்பவனும் அதில் பங்காளியே என்கிறார்கள். மணம் பேசுவோர் ஆலோசனை கேட்டால் குறையைக் கூற அனுமதி உண்டென்று சொல்பவர்களும் அவர்களே. ஆனால் அந்த அனுமதி நாம் அறிந்ததற்கு. திண்ணையில் கேட்டதற்கு அன்று. என் சமாதானம் அங்கே உடைந்தது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அதற்குள் அவர்கள் வேறிடத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். பெரியவரிடம் சென்று பொருத்தம் கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். "எனக்குச் செய்ததை நான் பொருந்திக்கொண்டேன், தம்பி. பிள்ளைக்குச் செய்ததைப் பிள்ளைதான் பொருந்த வேண்டும்" என்றார். என் மனைவி சென்று அப்பெண்ணிடம் கேட்டாள். "பொருந்திக்கொண்டேன் என்று சொல்லுங்கள், மாமி" என்று சொல்லியனுப்பினாள் அவள். மறு ஆண்டு அவளுக்கு நல்ல இடத்தில் நிக்காஹ் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இடையில் அந்த வீடு கழித்த நாட்களை யார் திருப்பித் தருவது?

இன்று அந்தக் கடையும் இல்லை, திண்ணையும் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைபேசி ஒரு திண்ணையாகிவிட்டது. நா அசைய வேண்டியதில்லை; விரல் அசைந்தால் போதும், ஒருவருடைய மானம் நூறு வீடுகளுக்குப் போய்விடுகிறது.

யாரேனும் பிறரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இப்போதெல்லாம் நான் ஒன்று கேட்கிறேன்: "நீங்கள் கண்டதா, கேட்டதா?" பலர் அத்துடன் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். சிலருக்கு என் மீது வருத்தமும் உண்டு. அன்று துணி மடித்துக்கொண்டிருந்தபோதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.