கத்திக்குப் பாரம் குடுக்காத

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, மருந்து குடுக்க ராத்தா, குளிப்பாட்ட நானும் காக்காவும் என்று வேலைகள் தானாகப் பிரிந்துவிட்டன. சவரம் மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. வாப்பா தாடி வைத்திருப்பவர். ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் ஒரு முடி நிற்கக்கூடாது. வியாழன் பின்னேரம் சலூனில் கரை பிடித்துக்கொண்டு வந்தால்தான் ஜும்ஆவுக்குப் போக அவருக்கு மனம் வரும். பேச்சுக் கொஞ்சம் திரும்பியதும் அவர் கேட்டது, "ஒஸ்தாவக் கூப்பிடு."

ஒஸ்தா மாமா வந்தார். எழுபது தாண்டிவிட்டது, கடையை மூடிப் பல வருசம். வாப்பாட கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் நடுங்கின. "என்னால ஏலா மனே. நீ பழகு, நான் சொல்லித்தாறன்."

கடையில் விற்கிற மூன்று பிளேட் ரேசர் இருக்கும்போது கத்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதையும் பிடித்துப் பார்த்தோம். ஒரு கிழமை வளர்ந்த முடி பிளேட்களுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். விழுந்த பக்கத்தில் தோல் தொளதொளவென்று கிடப்பதால் அதையும் சேர்த்துக் கவ்வும். கத்தியில் ஒரே ஒரு விளிம்புதான், அது எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மாமாவிடம் இரண்டு கத்தி இருந்தது. ஒன்று பழைய மடக்குக் கத்தி, அடியில் ஸோலிங்கன் என்று வெட்டியிருந்தது. கத்திக்குப் பேர்போன ஜேர்மன் நகரம் அது. அந்தப் பெயரைக் கண்டவனெல்லாம் போடக்கூடாது என்று 1938இல் சட்டமே போட்டார்கள். மற்றது, பிளேடை இரண்டாக முறித்துச் செருகுகிற கத்தி. இப்ப சலூன்களில் நீங்கள் பார்ப்பது இதுதான். எயிட்ஸ், மஞ்சட்காமாலைக் கிருமியெல்லாம் இரத்தத்தால் பரவும் என்ற பயம் வந்த பிறகு, ஆளுக்கு ஒரு புதுப் பிளேட் என்று ஆகிவிட்டது. கில்லெட் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை எடுத்தது, வீட்டில் அவனவன் தானே வழித்துக்கொள்ளும் ரேசருக்கு. அதே இருபக்கப் பிளேட் பாதியாக முறிந்து கடைசியில் சலூன்காரர் கைக்கே வந்து சேர்ந்ததை நினைத்தால் சிரிப்புத்தான்.

பழைய கத்தியை மாமா முகத்தில் வைக்க விடவில்லை, பார்க்கத்தான் தந்தார். தோல்வாரில் தீட்டிக் காட்டினார். முதுகு முன்னுக்குப் போகணும், கூர் பின்னால் இழுபட்டு வரணும். திருப்பும்போது முதுகை வைத்தே உருட்டணும், கூரைப் புரட்டினால் வார் வெட்டுப்படும். தீட்டுவது கத்தியைத் தேய்ப்பதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேய்ப்பது சாணைக்கல்லின் வேலை. வார், கண்ணுக்குத் தெரியாமல் வளைந்த விளிம்பை நிமிர்த்தும்.

பிறகு பலூன். ஊதி, சவர நுரை பூசி, வெடிக்காமல் வழிக்கணும். ராத்தாட மகன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டினான். மாமா ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கத்திக்குப் பாரம் குடுக்காத. அதுட பாரமே போதும்." மூன்றாம் நாள் பலூன் முழுசாக நின்றது. அடுத்தது என்னுடைய முகம், அதுக்குப் பிறகுதான் வாப்பா.

முதலில் சுடுதண்ணியில் நனைத்த துவாயைப் போட்டு வைக்கணும். முடி தண்ணி குடித்தால்தான் இளகும். கத்தியைத் தோலுக்கு முப்பது பாகை அளவில் சரிக்கணும். படுக்க வைத்தால் முடியை இழுக்கும், நிமிர்த்தினால் வெட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி வேலை. கழுத்து முடி கன்னத்து முடி மாதிரி கீழ்நோக்கி வளர்வதில்லை, வாப்பாவுக்கு இடப்பக்கம் சுழி போட்டிருக்கும். அதை விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். இத்தனை வயசுக்கு வாப்பாட கழுத்தை நான் தொட்டதே இல்லை. தொண்டைக் குமிழில் நேரே கத்தி வைக்கக்கூடாது, தோலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வழிக்கணும். கடைசியில் பச்சைத்தண்ணி, சீனாக்காரம். மாமா கதிரையில் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாகப் போனால் காய்ந்த ஓலையில் நகம் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அது நின்றால் "சரிவப் பாரு" என்பார்.

ஒஸ்தா என்ற சொல்லில் உஸ்தாதின் சாயல் தெரிகிறது, ஆசான். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் தலைமுடி இறக்கியதும் சுன்னத் வைத்ததும் அவங்கதான். இப்ப சுன்னத் டொக்டர்மார் கைக்குப் போய்விட்டது, சலூனை யாரும் போடலாம். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வந்த தன் புத்தகத்தில் ஒஸ்தாக்களைப் பரம்பரைத் தொழில்காரராகப் பதிவு செய்திருக்கிறார். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தொழுகையில் தோளோடு தோள் நிற்போம். கலியாணப் பேச்சு வரும்போது மட்டும், "அவங்க ஒஸ்தாட ஆக்கள்" என்று குரல் தாழும். எங்கட வீட்டு மண்டபத்திலும் அப்படித் தாழ்ந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் வாப்பாவும் இருந்தார். இதை இங்கே எழுதுவது அவருக்குத் தெரியும்.

மாமாட மகன் கட்டாரில் வேலை செய்கிறார். சாமான் திருத்துற வேலை, கத்தியைத் தொட்டதேயில்லை. நான் பழகியதைப் பற்றி எழுதப்போறன் என்று வட்ஸ்அப்பில் சொன்னபோது சிரித்தார். "எங்கட வாப்பா எனக்குச் சொல்லித்தரமாட்டன்னிட்டாரு, ஒனக்கா சொல்லித்தந்தாரு?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல்பதிவு: "எழுதுங்க தம்பி. வாப்பாட பேரு, எங்கட ஊரு, தெரு ஒண்டும் போடாதீங்க. தங்கச்சிக்கி ஒரு பேச்சு நடக்குது."

போடவில்லை.