காசிமேட்டில் ஒரு சைலன்சர் கிளாஸ்!

காசிமேடுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஞாயித்துக்கிழமை விடியக்காலையில் வஞ்சிரம் வாங்கப் போன கூட்டம், இல்லேன்னா சினிமாவில் காட்டுற அரிவாளும் சேஸிங்கும். ரெண்டையும் ஓரமா வெச்சிட்டு, ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்க. அந்த 61 நாளும் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். (2017-க்கு முன்னால் 45 நாள்தான்.) விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் கம்மி, பட்டறைச் சத்தம் ஜாஸ்தி. மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு செம வேட்டை. மத்தவங்களும் பயப்படாம வரலாம்.

வண்ணாரப்பேட்டை பக்கம் மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சா போதும். போற வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தை ஒரு எட்டு பார்த்திடுங்க. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம் அது. அங்கேயிருந்து மூக்கைப் பின்தொடர்ந்தாலே துறைமுகம் வந்துடும்.

உள்ளே நுழைஞ்சா கரையேத்தி முட்டுக்கொடுத்து நிறுத்தின படகுகள். கீழே நின்னு அண்ணாந்து பார்த்தா ரெண்டு மாடி உயரம் மாதிரி தெரியும். மரப் படகில் பலகை இடுக்குக்கு நடுவே பஞ்சைத் திணிச்சு ‘கலப்பத்து’ அடிக்கிற சத்தம் ஒரு பக்கம், வெல்டிங் பொறி ஒரு பக்கம். அங்கே ஒரு படகுக்குக் கீழே பிரிச்சுப் போட்ட டீசல் இன்ஜின், பக்கத்தில் ஒரு கனெக்டிங் ராடு. நேரா இருக்க வேண்டிய ராடு, லேசா வில் மாதிரி வளைஞ்சிருந்தது.

‘‘எப்படிண்ணா இது?’’

‘‘தண்ணி குடிச்சிடுச்சு தம்பி. பின்னாடியிருந்து வந்த அலை சைலன்சர் பைப் வழியா உள்ள பூந்திடுச்சு. காத்து அமுங்கும், தண்ணி அமுங்குமா? இரும்புதான் வளைஞ்சு குடுக்கும்.’’

நாலு செமஸ்டர் பாடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிச்சிட்டு அவர் டீ குடிக்கப் போயிட்டார். நாம கொஞ்சம் நின்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? ஒரு சிலிண்டர் 1 லிட்டர், கம்ப்ரஷன் ரேஷியோ 17-க்கு 1-னு வெச்சுக்குங்க. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சுற இடம் வெறும் 62 மில்லி சொச்சம். சின்ன டீ கிளாஸில் பாதிக்குக் கொஞ்சம் மேல. அதைவிட அதிகமா தண்ணி இருந்தா பிஸ்டன் மேலே போகவே முடியாது. ஆறு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்னாலும் ஒண்ணு ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வு திறந்தேதான் இருக்கும். குழாய்க்குள் வந்த தண்ணிக்கு கதவு திறந்து வெச்ச மாதிரி!

இன்ஜின் ஓடும்போது புகையே தண்ணியைத் தள்ளிடும். ஆபத்தெல்லாம் நின்ன பிறகுதான். வலை இழுக்கும்போதோ, டீசல் மிச்சம் பண்ணவோ இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மிதக்குறாங்க, பின்பக்கமா அலை அடிக்குது, யாருக்கும் தெரியாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினா ‘டொக்’னு ஒரு சத்தம். அங்கேயே நின்னுட்டா அதிர்ஷ்டம். லேசா வளைஞ்ச ராடோட இன்ஜின் ஓடவும் செய்யலாம். அதுதான் மோசம். பிறகு எங்கேயோ நடுக்கடலில் ராடு உடைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளியே வரும். இன்ஜின் செத்த படகு அலைக்குக் குறுக்கே திரும்பிடும். அப்புறம் காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அதுதான் வழி. கரையில் காத்திருக்கிற வீட்டுக்காரங்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தண்ணியை எப்படித் தடுக்கிறது? சுலபமான வழி, பைப்பை மேலே தூக்குறது. வீல் ஹவுஸுக்கு மேலே லாரி சைலன்சரை நிமிர்த்தி வெச்ச மாதிரி போற குழாய் அதுதான். அலை அவ்வளவு உயரம் ஏறாது. மழை மட்டும் இறங்கும். அதுக்கு வாயைப் பின்பக்கமா வளைச்சு விடலாம், இல்லே கீல் வெச்ச மூடி போடலாம். புகை வந்தா தானா திறக்கும், நின்னா விழுந்து மூடும். உப்புக்காத்துக்கு கீல் துருப்பிடிச்சு, மூடி திறந்தபடியே சிக்கிக்கிறது வேற விஷயம். எல்லாத்தையும் மீறி இறங்குற துளிகளுக்காக, குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்னத் திருகுக் குழாய் வைப்பாங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால் அதைத் திறந்து பார்க்கணும். கையை மட்டும் பைப்பில் வெச்சிடாதீங்க பாஸ், லோடில் ஓடுற டீசல் புகை 400 டிகிரி செல்சியஸைச் சாதாரணமா தாண்டும். அதனால்தான் அந்தக் குழாய்க்குக் கட்டு போட்டு வைக்கிறது.

ரெண்டாவது வழி கொஞ்சம் வில்லங்கமானது. கடல் தண்ணியையே புகைக்குள் பீய்ச்சி ஆற வெச்சு, ரப்பர் ஹோஸ் வழியா பின்பக்கம் வெளியே விடுறது. சூடு இல்லை, சத்தமும் கம்மி. ஆனா தண்ணியைத் தடுக்கணும்னு ஆரம்பிச்சு, நாமளே தண்ணியை உள்ளே விட்டாச்சே! அதனால் ஹோஸை வாத்துக் கழுத்து மாதிரி மேலே ஏத்தி, பிறகுதான் வெளியே இறக்கணும். அடியில் ஒரு பெட்டி வேணும். இன்ஜின் நின்னதும் ஹோஸில் ஏறிக்கிட்டிருந்த தண்ணி திரும்பி வந்து அதில் தங்கும். பெட்டி சின்னதா இருந்தா மிச்சம் எங்கே போகும்? இன்ஜினுக்குத்தான். இதில் இன்னொரு கண்ணி: இன்ஜின் கிளம்பலைன்னு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சீங்கன்னா, பம்ப் தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கும், வெளியே ஊத புகை இருக்காது. பெட்டி ரொம்பி வழியும். அப்படி அடிக்கும்போது கடல் தண்ணி வால்வை மூடிடணும்.

‘அப்போ பத்து வளைவு வெச்சா ஒரு சொட்டுகூட வராதே?’ன்னு ஒரு புத்திசாலி கேட்பான். வராதுதான், புகையும் வெளியே போகாதே! நாலு இஞ்ச் குழாயை மூணு இஞ்ச் ஆக்கினாலே புகையின் வேகம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகும். எதிர் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுறதால மூணு மடங்கைத் தாண்டும். கரும்புகை வரும், இழுவை போகும், டீசல் குடிக்கும். என்னைக் கேட்டா, தண்ணியைத் தடுக்கிறதைவிட புகையை நிம்மதியா விட்டுக்கிட்டே தடுக்கிறதுதான் வித்தை. பட்டறை அண்ணன்கள் ஃபார்முலா போடுறதில்லை. புகையின் நிறத்தைப் பார்த்து ‘இந்த பெண்டை எடுத்திடு’ங்கிறாங்க.

பக்கத்திலேயே ஃபைபர் படகுகளையும் பாருங்க. தடைக்காலத்திலும் இவங்க தொழிலுக்குப் போவாங்க. 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையெங்கும் பெருகினது இந்தப் படகுகள்தான். நீள வால் மாதிரி ஷாஃப்டும் ஒத்தை சிலிண்டரும் உள்ள இன்ஜின், பின்பக்கம் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும். கரையலையைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்போது நனையாம இருக்கவே முடியாது. இவங்களுக்கு ஆளுயரக் குழாய் எல்லாம் ஆகாது. கைக்குத் தடையில்லாத அளவுக்கு முழங்கை மாதிரி ஒரு துண்டை வெல்டு பண்ணி வாயை அலைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி விட்டாலே பாதி வேலை முடிஞ்சது. கரையில் நிறுத்தினா மேலே ஒரு காலி டப்பா!

கடலுக்குப் போகாதவங்களுக்கும் இதில் வேலை இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தப்பவும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கிச்சு! தண்ணியில் நின்னு ஆஃப் ஆன பைக்கையோ காரையோ ‘ஒரே ஒரு தடவை பார்ப்போம்’னு செல்ஃப் அடிச்சீங்கன்னா, காசிமேட்டில் பார்த்த அதே ராடு உங்க வண்டிக்குள்ளும் வளையலாம். தள்ளிக்கிட்டு வெளியே வாங்க. மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி (டீசல்னா இன்ஜெக்டரை), இன்ஜினை மெதுவா சுத்தினா தண்ணி அந்த ஓட்டை வழியா பீய்ச்சும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தா மாத்தியே ஆகணும். உப்புத்தண்ணின்னா இன்னும் அவசரம், சிலிண்டர் சுவரில் துரு உட்கார ரொம்ப நேரம் எடுத்துக்காது.

போறதா இருந்தா மே மாசம் நடுவில், வெயில் ஏறுறதுக்கு முன்னால் காலையில் போங்க. பழைய செருப்பு போட்டுக்குங்க, தரையெல்லாம் ஆயிலும் ஆணியும். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஜூன் முதல் வாரத்துக்கு மேல போனீங்கன்னா ஐஸும் டீசலும் ஏத்துற அவசரத்தில் யாரும் உங்களுக்கு நின்னு பதில் சொல்ல மாட்டாங்க.