கிணற்றை வண்டியில் ஏற்ற முடியாது

ஊர் மாறும் குடும்பம் நெல் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொள்ளும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும்கூட ஏற்றிக்கொள்ளும். கிணற்றை ஏற்ற முடியாது. போன இடத்தில் புதிதாகத்தான் வெட்ட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறியபோது இது எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் பழைய கணினியில் இல்லை. புதியது வாங்கினோம். பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“புரோகிராம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணினா ஓடாது தாத்தா. திரும்ப இன்ஸ்டால்தான் பண்ணணும்” என்றான்.

அவன் சொன்னது சரி. ஒரு மென்பொருளை நிறுவும்போது அது பெரும்பாலும் தன் கோப்புறையோடு நிற்பதில்லை. ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவேட்டில் குறிப்புகளை எழுதுகிறது. தனக்குத் தேவையான சில கோப்புகளை வேறு இடங்களில் வைக்கிறது. கோப்புறையை மட்டும் எடுத்து வருவது, கிணற்றை விட்டுவிட்டு வாளியையும் கயிற்றையும் தூக்கி வருவது போன்றது. ஆகவே பழைய கணினியில் இருந்த மென்பொருள்களின் பெயர்களையும் உரிம எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புதிதாக நிறுவினோம். கடிதங்கள், படங்கள், கணக்குகள் எல்லாம் நெல் மூட்டைகள். ஹார்டு டிஸ்க் வழியாக அப்படியே வந்து சேர்ந்தன.

அவற்றில் ஒரு கோப்பு, அம்மா சொல்லச் சொல்ல 2001-ல் நான் தட்டச்சு செய்த கைமருத்துவக் குறிப்புகள். நாற்பது பக்கம். புதிய கணினியில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. நெஞ்சு அடைத்துவிட்டது.

உண்மையில் எதுவும் அழியவில்லை. அன்று நான் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஆங்கிலக் குவியல். கோப்பை எடுத்து வந்த நாங்கள், விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்த அந்த எழுத்துருவை எடுத்து வரவில்லை. நல்ல வேளையாகப் பழைய கணினியை அழிக்காமல் வைத்திருந்தோம். அதிலிருந்து எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவியதும், சுக்கும் மிளகும் தூதுவளையும் வரிவரியாகத் தமிழில் எழுந்து வந்தன. அன்றே எல்லாவற்றையும், அந்த எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றினோம். தாளிலும் ஒரு படி எடுத்தோம்.

பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பின்புறம் பெயர் எழுதாத பழைய புகைப்படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவருடைய முகமாகிவிடுகிறது. எந்தச் சர்வே எண் எந்தத் துண்டு நிலம் என்று காட்டிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், பெட்டியில் பத்திரம் இருந்தும் பிள்ளைகள் வரப்பில் திகைத்து நிற்பார்கள். அவரவர் கிணற்றை அவர்களே வெட்டிக்கொள்வார்கள். நெல்லையும் அதன் பக்குவத்தையும் கொடுப்பது நம் கடமை.

கணினி மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கட்’ செய்யாதீர்கள், ‘காப்பி’ செய்யுங்கள். வந்த கோப்புகளைத் திறந்து, படித்துப் பாருங்கள். இன்னொரு படியைத் தனி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒரு மாதமாவது கழிந்த பிறகு பழைய கணினியை அழியுங்கள். அதுவரை அது வீட்டில் ஒரு மூலையில் இருக்கட்டும்.