வெள்ளம் விட்டுப்போன செடி

பதிவு போட்டு ஒரு மாமாங்கம் ஆச்சு மக்கா. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது எப்பவும் சொல்ற சாக்குதான். ஆனா இந்த விஷயத்தை எழுதலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். இது ஒரு செடியைப் பத்தின பதிவு. துப்பறியும் கதை மாதிரி போகும். கடைசியில ஒரு கொலையும் உண்டு. :-)

எங்க ஊரு தூத்துக்குடின்னு உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல அங்க பெய்ஞ்ச மழையையும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. பல ஊர்ல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யிற மழை அது. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி வந்துச்சு. எங்க வீட்டுல இடுப்பளவு. அப்பாவும் அம்மாவும் மாடிக்குப் போயிட்டாங்க. நான் பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு, போன் கிடைக்காம, ரெண்டு நாளு நரகத்துல இருந்தேன்.

தண்ணி வடிஞ்சப்புறம் சாமான் போனதைப் பத்தி அப்பா பெருசா பேசல. ஃபிரிட்ஜ் போச்சு, கட்டில் போச்சு, "வாங்கிக்கலாம்லே"ன்னுட்டார். அவருக்கு வலிச்சது பின்பக்கத் தோட்டம். ரிட்டயர் ஆனதிலேர்ந்து அவர் ஒத்தை ஆளா வளர்த்தது. முருங்கை, கொய்யா, கருவேப்பிலை, அம்மாவுக்குன்னு வச்ச ரெண்டு மல்லிப் பந்தல். சாக்கடையும் உப்பளத் தண்ணியும் கலந்து வந்த வெள்ளம் அஞ்சு நாளு நின்னுச்சு. முருங்கை அப்படியே சாஞ்சிருச்சு, மத்தது நின்ன வாக்குல காஞ்சிருச்சு. மேல ஒரு சாண் கனத்துக்கு வண்டல் மண்ணு.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் வாட்ஸப்புல போட்டோ வருது. வெடிச்சுக் கெடக்கிற சேத்துக்கு நடுவுல பச்சையா ஒரு செடி. கீழ அப்பாவோட குரல்ப் பதிவு:

"ஏல, இதப் பாத்தியா? நான் வெதைக்கல, தண்ணி ஊத்தல. தானா வந்திருக்கு. வன்னி மரம்னு நெனைக்கேன். வெள்ளம் கொண்டுட்டுப் போனதுக்குப் பதிலா ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்கு பாத்துக்க."

வன்னின்னா சும்மாவா? விருத்தாசலம் கோயில்ல தலமரம். பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளிச்சு வச்ச மரம்னு சொல்லுவாங்க. கன்னடத்துல அதுக்கு ‘பன்னி’ன்னு பேரு. தசரா சமயத்துல எங்க ஆபீஸ்ல கன்னட நண்பர்கள் அந்த இலையைத் தங்கம்னு சொல்லிக் கையில குடுப்பாங்க. ராஜஸ்தான்ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்துல, 1730-ல ராஜாவோட ஆளுங்க இந்த மரங்களை வெட்ட வந்தப்போ, அம்ருதா தேவிங்கிற அம்மாவைத் தொடர்ந்து 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடிச்சு உயிரை விட்டாங்க. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ‘காஃப்’னு சொல்லி 2008-ல தேசிய மரமாவே அறிவிச்சது இதைத்தான். பாலைவனத்துலயே நிக்கிற மரம்.

அப்பா அதுக்குக் கல்லு அடுக்கி வேலி கட்டிட்டார். அரிசி கழுவின தண்ணி, சாணி எல்லாம் நடக்குது. வெள்ளத்துக்கப்புறம் ஒரு மாசமா சரியாப் பேசாத மனுஷன், தினம் ஒரு போட்டோ அனுப்புதார்.

எனக்கு ஒரு சந்தேகம் அப்பவே வந்துச்சு. ஆனா இலையை வச்சு மட்டும் சொல்ல முடியாது. சரி, ஒரு பக் வந்தா என்ன செய்வோம்? எது எதெல்லாம் இல்லைன்னு ஒண்ணு ஒண்ணா கழிச்சிட்டு வருவோம்ல, அதேதான் செஞ்சேன். முதல்ல போட்டோவை மூணு ஆப்புல போட்டேன். மூணு ஆப்பு, மூணு பதில். ஒண்ணு தொட்டாச்சிணுங்கின்னுச்சு, ஒண்ணு புளின்னுச்சு, இன்னொண்ணு கொடுக்காப்புளின்னுச்சு.

புளி இல்லை. புளியில ஒரு காம்பு, அதுல ரெண்டு பக்கமும் இலை, அவ்வளவுதான். இதுல காம்பு கிளை பிரிஞ்சு, அந்தக் கிளையில சின்ன இலைங்க வரிசையா இருக்கு. இரட்டைச் சிறகு மாதிரி.

தொட்டாச்சிணுங்கி இல்லை. அம்மாவைத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். "ஒண்ணும் சிணுங்கல, அதுபாட்டுக்கு நிக்கி"ன்னாங்க.

கொடுக்காப்புளியும் இல்லை. அதுல ஒரு இலைக்கு ரெண்டு கிளை, கிளைக்கு ரெண்டு சிற்றிலை, ஆக மொத்தம் நாலுதான். எங்க செடியில எண்ணி மாளாது.

அடுத்தது உடை. எங்க சீமைக்கே உரிய மரம், குடை விரிச்ச மாதிரி தலை இருக்கும், அதனால குடைவேலம்னும் சொல்லுவாங்க. ஆனா அதோட சிற்றிலை தூசி மாதிரி அவ்வளவு பொடிசு. முள்ளும் ரெண்டு வகை, நீளமா வெள்ளையா சில, கொக்கி மாதிரி வளைஞ்சு சில. அதுவும் பொருந்தல.

மிச்சம் ரெண்டே ரெண்டு பேர்தான் கூண்டுல. ஒண்ணு வன்னி. இன்னொண்ணு... நீங்க ஊகிச்சிருப்பீங்க. சீமைக்கருவேல்.

இந்த ரெண்டும் குட்டியா இருக்கையில குழப்புறதுல ஆச்சரியம் இல்லை. ரொம்ப காலமா தாவரவியல் புத்தகத்துல ரெண்டும் ‘புரோசோபிஸ்’ங்கிற ஒரே பேரினம், அண்ணன் தம்பி மாதிரி. 2022-ல ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குடும்பத்தைப் பாகம் பிரிச்சு, சீமைக்கருவேலை ‘நெல்டூமா’ன்னு தனியா அனுப்பிட்டாங்க. வன்னி பழைய வீட்டுலயே இருக்கு. இலைக் கணக்கு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒட்டி வரும். கைவிரல் ரேகை எங்கன்னா, முள்ளுல. வன்னிக்கு முள்ளு தண்டு முழுக்க, கணுவுக்குக் கணு நடுவுல, அங்கங்க சிதறி இருக்கும். சீமைக்கருவேலுக்கு முள்ளு கணுவுலயேதான், இலை பிறக்கிற இடத்துலயே, பெரும்பாலும் ஜோடியா.

இன்னொரு தடயமும் இருந்துச்சு. வன்னி மேல மெதுவாத்தான் வளரும். எங்க செடி பங்குனிக்குள்ள அப்பாவோட முழங்காலைத் தாண்டிருச்சு.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனேன். பெங்களூர்ல ஒரு பன்னி மரத்துக் கிளையைக் கிட்டக்க போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஊர்ல இறங்கினதும் நண்பன் பைக்குல உப்பளப் பக்கம் போய் சீமைக்கருவேல் கிளை ஒண்ணு ஒடிச்சிட்டு வந்தேன். அதுக்கென்ன பஞ்சம்? எங்க ஊருல எந்தத் திசையில கையை நீட்டினாலும் முள்ளு குத்தும். :-(

தோட்டத்துல குத்துக்காலிட்டு உக்காந்து பாத்தேன். முள்ளு எல்லாம் கணுவுல. ஜோடி ஜோடியா. சந்தேகமே இல்லை.

அப்பா பக்கத்துல நிக்கார். "என்னலே, வன்னிதான?"

மக்கா, புரொடக்‌ஷன் சர்வர் படுத்துருச்சுன்னு கிளையண்ட்கிட்ட சொல்லிருக்கேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லை. கிளையையும் போட்டோவையும் செடியையும் வரிசையா காட்டினேன். ஒண்ணும் சொல்லல, "நீங்களே பாருங்கப்பா"ன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார்.

"அப்ப ஒடமரமா இது?"

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க பக்கம் சீமைக்கருவேலையும் ஒடமரம்னுதான் சொல்லுவோம். உடைங்கிறது சொந்த ஊரு மரத்தோட பேரு. வந்தவன் இடத்தை மட்டும் எடுக்கல, பேரையும் எடுத்துக்கிட்டான். அது இந்தியாவுக்கு வந்தது 1877 வாக்குல, வெள்ளைக்காரன் காலத்துல, அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பச்சையாக்கவும் கொண்டு வந்தாங்க. காய் இனிப்பா இருக்கும். ஆடு மாடு தின்னா விதை சாகாது, சாணியில வெளிய வந்து இன்னும் ஜோரா முளைக்கும். வெள்ளத்துலயும் நெத்து மிதந்து போகும். எங்க வீட்டுக்கு அது வந்த வழி இப்ப புரியுதுல்ல?

அப்பா கேட்டார்: "மத்தது எல்லாம் செத்துப்போன மண்ணுல இது மட்டும் வந்துச்சேலே. அதுக்கு என்ன சொல்லுத?"

"அதான்பா அதோட தொழிலே"ன்னேன். உப்பு மண்ணு, கெட்ட மண்ணு, எல்லாரும் விட்டுட்டுப் போன மண்ணு, அதுலதான் அது ஜெயிக்கும். இதோட உறவான மெஸ்கிட் மரத்து வேரை அரிசோனாவுல ஒரு சுரங்கத்துல 53 மீட்டர் ஆழத்துல பாத்திருக்காங்க.

அந்த நேரம் பாத்து அப்பாவோட கூட்டாளி ஒரு அண்ணாச்சி வந்தார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். அவங்க வீட்டுல மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற தொழில். விஷயத்தைக் கேட்டுட்டு, "தம்பி, அத ரொம்பத் திட்டாதீய. மழை இல்லாத வருசம் எல்லாம் எங்க ஊர்ல அடுப்பு எரிஞ்சது அதனாலதான்"ன்னார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. 2017 தொடக்கத்துல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்கள்ல இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது, ஜேசிபி எல்லாம் இறங்குச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல சென்னையில இடைக்காலத் தடை வந்துச்சு. 2022-ல தமிழக அரசு அன்னிய ஊடுருவல் தாவரங்களுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது. இன்னும் முடியாத கதை அது. நம்ம ஊருல மட்டும்னு நினைக்காதீங்க. கென்யாவுல பரிங்கோ ஏரிப் பக்கத்து மக்கள் 2006-ல இந்த மரத்தை நட்டதுக்காக அரசாங்கத்து மேலயே வழக்குப் போட்டாங்க. இனிப்புக் காயைத் தின்னு தின்னு பல்லு கொட்டிப்போன ஆட்டைக் கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க!

அதே சமயம் வாட்ஸப்புல வர்ற கதையெல்லாம் நம்பிராதீங்க. ‘ஆக்சிஜனே விடாது’ன்னு ஒரு ஃபார்வர்டு. பச்சை இலை இருந்தா எந்த மரமும் ஆக்சிஜன் விடும். ‘காத்துல உள்ள ஈரத்தை எல்லாம் குடிச்சு மழையைத் தடுக்கும்’னு இன்னொண்ணு. அது குடிக்கிறது வேர் வழியா, மண்ணுலேர்ந்து. அதோட இலைச்சாறு விழுற இடத்துல மத்த விதை முளைக்கத் திணறும், கிளை அடர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். குத்தம் சொல்ல இதுவே போதும், பொய் வேற எதுக்கு?

காட்டுல, கரிசல்ல என்ன செய்யணும்கிறது பெரிய கேள்வி. எங்க வீட்டுப் பின்பக்கம் அரை சென்ட் மண்ணு. அதுல கேள்வி சின்னது. ஒண்ணு அந்தச் செடி, இல்லைன்னா மத்த எல்லாச் செடியும்.

அன்னிக்கு அப்பா ஒண்ணும் முடிவு சொல்லல. ராத்திரி சாப்பிடும்போதும் பேச்சில்லை. அம்மா என்னை முறைச்சாங்க, "இப்பத்தான் மனுசன் சிரிக்க ஆரம்பிச்சிருந்தாவ"ன்னு. எனக்கும் சோறு இறங்கல. சும்மா வன்னின்னே விட்டிருந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு தோணுச்சு. ஆனா ரெண்டு வருஷத்துல அது ஆள் உயரம் தாண்டி முள்ளா நிக்கும்போது, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல அவர்தானே அதோட மல்லுக்கட்டணும்?

காலையில எந்திரிச்சுப் பாத்தா அப்பா கடப்பாரையோட நிக்கார். மேல வெட்டினா மறுபடி தழைக்கும், மண்ணுக்குள்ள வேர்க்கழுத்துக்குக் கீழ எடுக்கணும்னு நான் முந்தின நாள் சொன்னதை மறக்கல. நான் வாங்கப் போனேன், குடுக்கல. அவரே தோண்டினார். முழங்கால் உயரச் செடிக்கு வேர் அவர் கை முழுசா உள்ள போயும் முடியல. ஒருவழியா வெளிய வந்ததும் கையில வச்சுப் பாத்துட்டுச் சொன்னார்:

"நாலு மாசத்துல எம்புட்டு ஆழம் போயிருக்கு பாத்தியாலே. நல்ல வீரன்தான். இடம்தான் தப்பு."

அந்தக் குழி இருந்த இடத்துல இப்ப பூவரசம் போத்து ஒண்ணு நட்டிருக்கோம். கடற்கரை மரம், உப்புக் காத்துக்கும் உப்பு மண்ணுக்கும் அசையாது. துளிர் விட்டிருச்சு. மண்ணு கொஞ்சம் தேறினதும் முருங்கை வைக்கணும்னு அம்மா உத்தரவு.

நான் பெங்களூருக்கு பஸ் ஏறும்போது அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஏல, நெசமான வன்னி எங்க கெடைக்கும்?"

வனத்துறை நர்சரியில விசாரிச்சிட்டு இருக்கேன். உங்க ஊருக் கோயில்ல வன்னி மரம் இருந்து, கீழ நெத்து கெடந்தா நாலு எடுத்து வைங்க மக்கா. நானே வந்து வாங்கிக்கிறேன். வாங்கினதும் முதல்ல முள்ளைத்தான் பாப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. :-)

டிஸ்கி: எங்க ஊருக்கு முத்துக்குளித்துறைன்னு பெத்த பேரு. கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. இப்போதைக்குத் தோட்டத்துல குளிக்கிறதுக்கு மண்ணுதான் மிச்சம்.